அர்ச். அருளானந்தரும் மறவ நாட்டு மணமுறிவும்



பிப்ரவரி 4-ந் தேதி நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஓரியூர்ப் பேச்சு எழும்பிவிடும். மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோயில், திருவாடானை என்று தொண்டிச் சாலையோடு போய், செம்மண்ணைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நம்மில் அநேகர். அந்த மண் ஏன் சிவந்தது என்று பிள்ளைகள் கேட்டால், வேதசாட்சியான அர்ச். அருளானந்தரின் இரத்தம் பட்டதால் என்கிறோம். அவரை ஏன் வெட்டினார்கள் என்று பிள்ளை விடாமல் கேட்டால், தடியத்தேவர் என்னும் அரசகுமாரரின் இளைய மனைவி கடலாயி கோள் மூட்டினாள், ராஜா கோபங்கொண்டு வெட்டச் சொன்னார் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நம் ஊர் நாடகங்களிலும் அப்படித்தான். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கடலாயி மேடைக்கு வந்தாலே சனங்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பதில் பொய்யல்ல, ஆனால் பாதிதான். ஒரு பெரிய வீட்டுச் சம்சாரம் முறிந்தது. ஒரு குருவானவர் தலை விழுந்தது. அந்த முறிவுக்கும் அந்தக் கொலைக்கும் நடுவே எத்தனை காரணங்கள் நின்றன என்று இன்றைக்குச் சற்று நிதானமாகப் பார்ப்போம், வாருங்கள்.

அதற்கு முன் கடல் தாண்டி ஒரு கதை. சரித்திரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இங்கிலாந்து தேசத்து எட்டாம் ஹென்றி ராஜாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1509-ல் அவர் ஸ்பானிய அரசகுமாரி கத்தரீனை மணந்தார். கத்தரீன் முன்னே ஹென்றியின் அண்ணன் ஆர்தருக்கு வாழ்க்கைப்பட்டு, சில மாதங்களிலேயே விதவையானவள். ஆகையால் பாப்பரசர் இரண்டாம் ஜூலியுஸ் கொடுத்த விசேஷ உத்தரவின் பேரில் அந்த விவாகம் நடந்தது. பிறந்த பிள்ளைகளில் மரியாள் என்ற ஒரு பெண் மட்டுமே பிழைத்து வளர்ந்தாள். 1527-ல் ராஜா, இந்த விவாகம் ஆதிமுதல் செல்லாது என்று தீர்ப்புக் கேட்கத் தொடங்கினார். ஏன் கேட்டார்? ஆண் வாரிசு இல்லாத பயம் என்பார் சிலர். ஆன் போலின் என்ற பெண்மேல் கொண்ட மோகம் என்பார் சிலர். அண்ணன் மனைவியைக் கட்டியதால் சாபம் விழுந்ததென்று தம் மனச்சாட்சி உறுத்துவதாக ராஜாவே சொல்லிக்கொண்டார். பாப்பரசர் ஏழாம் கிளமெந்து இணங்காமல் நாள் கடத்தியதற்கும் காரணம் ஒன்றல்ல. விவாகத்தின் கட்டு ஒருபுறம். கத்தரீனின் சகோதரி மகனான சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் சேனை அதே 1527-ல் ரோமாபுரியைச் சூறையாடி, பாப்பரசரையே அடைத்து வைத்திருந்தது மறுபுறம். கடைசியில் 1533-ல் இங்கிலாந்தின் அதிமேற்றிராணியாரே ராஜாவுக்குச் சாதகமாய்த் தீர்ப்பெழுதினார். 1534-ல் ராஜா தம்மையே அந்நாட்டுத் திருச்சபைக்குத் தலைவராக்கிக்கொண்டார். அதற்கு இணங்காத மேற்றிராணியார் அர்ச். ஜான் ஃபிஷரும், மந்திரியாயிருந்த அர்ச். தாமஸ் மோரும் 1535-ல் சிரச்சேதம் அடைந்தார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால் நான் கிளப்பிவிடுகிறேன். ஹென்றி ராஜா ஒரு மனைவியைத் தள்ளிவிடக் கேட்டபோது கூடாதென்ற அதே திருச்சபை, தடியத்தேவரை மட்டும் மனைவியரைத் தள்ளச் சொன்னதே, இது என்ன நியாயம்? கடைவீதியில் பிற மதச் சிநேகிதர் ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? இரண்டிடத்திலும் சட்டம் ஒன்றுதான்: ஒருவனுக்கு ஒருத்தி. லண்டனில் அது ஒருத்தியைத் தள்ளவிடாமல் தடுத்தது. மறவ நாட்டில் ஒருத்திக்கு மேல் வைத்துக்கொள்ள விடாமல் தடுத்தது. சரி, சட்டத்தைச் சொல்லியாயிற்று. தள்ளப்பட்டவளின் கண்ணீர் அதனால் காய்ந்துவிடுமா? அந்தக் கேள்விக்குப் பின்னால் வருவோம். முதலில் சுவாமியாரை அறிந்துகொள்ளுங்கள்.

அவர் போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில் 1647 மார்ச் 1-ந் தேதி பெருங்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ. தகப்பனார் பிரேசில் தேசத்து ரியோ தெ ஜனெய்ரோவுக்கு அதிபதியாகப் போய் அங்கேயே காலஞ்சென்றார். தாயார் பெயாத்ரிஸ் அம்மாள் பிள்ளைகளை வளர்த்தாள். கடைக்குட்டியான ஜான் சிறு பிராயத்திலேயே அரண்மனையில் சேர்க்கப்பட்டு, இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தார். ஒரு சமயம் பிள்ளைக்குக் கொடிய வியாதி கண்டது. தாயார் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள், பிள்ளை பிழைத்தது, நேர்த்திக்கடனாக ஒரு வருஷம் முழுவதும் சேசுசபையாரின் கறுப்பு அங்கியை அரண்மனையிலேயே உடுத்தித் திரிந்தான். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிற நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. மற்றப் பையன்கள் கேலி செய்ததற்கு அவன் அசையவில்லை. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், அந்த அங்கி நிரந்தரமாயிற்று, சேசுசபையில் நவசந்நியாசியானார்.

அந்த அரண்மனையைப் பற்றி ஒரு சங்கதி சொல்லாமல் மேலே போகக்கூடாது. இளவரசர் பேதுருவின் அண்ணன் ஆறாம் அபோன்சோ அப்போது ராஜா. சரீரத்திலும் புத்தியிலும் பலவீனர். அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ராணி மரியா பிரான்சிஸ்கா கணவனைவிட்டு மடத்துக்குப் போய், விவாகம் பூரணமாகவில்லை என்று திருச்சபை அதிகாரிகளிடம் வழக்குத் தொடுத்தாள். 1668-ல் அந்த விவாகம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அதே வருஷம் அவள் மைத்துனராகிய பேதுருவை மணந்தாள். பேதுரு நாட்டை ஆண்டார். அபோன்சோ தீவாந்தரம் அனுப்பப்பட்டார். ராணியின் மனக்குறை அதில் உண்மை. சிங்காசன ஆசையும் உண்மை. எது முந்தியது என்று பிரித்தெடுப்பது பாலிலிருந்து நீரைப் பிரிப்பதுபோல. நம் அருளானந்தருக்கு அப்போது 21 வயது. ராஜாக்கள் வீட்டில் தாலி என்றால் கூடவே ராச்சியமும் கட்டப்படுகிறது என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. தம் பாலிய சிநேகிதன் வீட்டிலேயே கண்டார்.

1673-ல் குருப்பட்டம் பெற்று அதே வருஷம் கோவாவுக்குக் கப்பலேறினார். மறு வருஷம் மதுரை மிஷனுக்கு வந்தார். மதுரை மிஷன் என்றால் நம் நகரம் மாத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். 1606-ல் தத்துவபோதகர் என்று நாம் அழைக்கும் ராபர்ட் தெ நொபிலி சுவாமியார் மதுரையில் தொடங்கிய அந்த வேலை, இதற்குள் தஞ்சாவூர், செஞ்சி, மறவ நாடு என்று நாலாபுறமும் பரவியிருந்தது. நொபிலி சுவாமியார் சந்நியாசிக் கோலம் பூண்டு உயர்ந்த சாதியாரிடம் போனார். அருளானந்தர் எடுத்ததோ பண்டாரக் கோலம். பண்டாரசுவாமி எல்லாச் சாதியாரிடமும் போகலாம், ஏழைகளின் குடிசையிலும் கால் வைக்கலாம். காவி வஸ்திரம், கையில் கோல், புலால் இல்லாத உணவு, வெறுங்காலில் நூற்றுக்கணக்கான மைல் நடை. இப்படிப் பன்னிரண்டு வருஷம். 1685-ல் மிஷன் முழுவதற்கும் சிரேஷ்டரானார்.

அந்நாளில் மறவ நாட்டுக்கு ராஜா, இரகுநாத கிழவன் சேதுபதி. நம் மதுரை நாயக்கர்களுக்குப் பேருக்கு அடங்கியவர். காரியத்தில் தமக்குத் தாமே ராஜா. போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை கட்டினவர். சாமர்த்தியசாலி, 1710 வரையில் தளராமல் ஆண்டவர். அவர் இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறினார்கள் என்று சேசுசபைக் குருவொருவரின் கடிதத்தில் காண்கிறோம். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மனைவியரின் தொகை அங்கே வெறும் சிற்றின்பத்தின் கணக்கல்ல. ஒவ்வொரு பெண்ணும் ஒரு பாளையம், ஒரு கோட்டை, ஒரு படை. இந்தத் தேவரின் மகளைக் கட்டினால் அவர் ஆட்கள் எனக்கு வருவார்கள். அந்தத் தேவருக்கு என் பெண்ணைக் கொடுத்தால் அவர் எனக்கு எதிராகக் கிளம்பமாட்டார். நம் கிராமங்களில் நிலம் பிரியாமலிருக்க மாமன் மகளைக் கட்டுகிறோமே, அதை ஒரு ராச்சியத்தின் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

1686-ல் சுவாமியார் மறவ நாட்டில் புகுந்தார். அங்கே வெகு காலமாகக் குருவானவரைக் காணாத கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். சில மாதத்துக்குள் மந்திரி குமாரப்பிள்ளையின் ஆட்கள் மங்கலம் என்ற ஊரருகே அவரையும் உபதேசிமாரையும் பிடித்துச் சொல்லொணாத வாதைக்கு உட்படுத்தினார்கள். குளத்து நீரில் அமிழ்த்துவதும் தூக்குவதும், பாறையில் கிடத்தி மிதிப்பதும், அடியும் பட்டினியும். கடைசியில் இராமநாதபுரத்துக்கு வரவழைத்த சேதுபதி அவரை விசாரித்து, அவருடைய போதனையைக் கேட்டு, பிராணச்சேதம் செய்யாமல் விட்டுவிட்டார். ஆனால் இந்த நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது, மீறினால் உயிர் தப்பாது என்று கண்டிப்பான கட்டளையும் போட்டார். இதையும் மனதில் வையுங்கள். அப்போது கடலாயியின் வழக்கே கிடையாது. ஆனால் கட்டளை வந்தாயிற்று.

மேலதிகாரிகள் அவரை மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பாலிய சிநேகிதர் இப்போது ராஜா இரண்டாம் பேதுரு. ராஜா கட்டித் தழுவினார். இங்கேயே அரண்மனையில் இரும் என்று வற்புறுத்தினார். வயது முதிர்ந்த தாயாரும் அங்கேதான். சுவாமியாரோ அரண்மனையிலும் பண்டாரத்தின் உணவைவிட்டு மாறவில்லை. 1690-ல் மறுபடியும் கப்பலேறினார். தமக்குத் தடையுத்தரவு போட்ட நாட்டுக்கே தெரிந்துதான் திரும்பி வந்தார். 1691 முதல் மறவ நாட்டுக் காடுகளில் ஒளிந்தும் மறைந்தும், இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பகலில் இடம் மாறி வேலை செய்தார். திரள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இப்போது தடியத்தேவர் வருகிறார். சிறுவல்லிச் சீமையின் அதிபதி. அவர் பழைய அரச வம்சத்தவர் என்றும், நியாயப்படி சேதுபதிப் பட்டம் அந்தக் குடும்பத்துக்கே உரியதென்று நினைத்தவர்கள் உண்டென்றும் அக்காலத்துச் சேசுசபைக் கடிதங்கள் கூறுகின்றன. அவருக்குத் தீராத நோய் கண்டது. வைத்தியமும் பூசையும் பலிக்கவில்லை. சுவாமியாரிடம் ஆள் அனுப்பினார். சுவாமியார் தாம் போகாமல் உபதேசியார் ஒருவரை அனுப்ப, அவர் சுவிசேஷத்தை வாசித்துச் செபித்தார், நோய் நீங்கியது. உடனே தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். சுவாமியார் அவசரப்படவில்லை. உமக்கு ஐந்து மனைவியர் இருக்கிறார்களே என்றார்.

இந்த விஷயத்தில் சட்டம் புதிதல்ல. பல மனைவியருள்ளவன் மனந்திரும்பினால் முதலில் கட்டினவளையே வைத்துக்கொள்ளவேண்டும், முதல்வி யாரென்று நினைவில்லாவிட்டால் ஒருத்தியைத் தெரிந்துகொள்ளலாம் என்று பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1537-ல் விதித்திருந்தார். தன்னோடு ஞானஸ்நானம் பெறும் மனைவியோடு வாழலாம் என்று ஐந்தாம் பத்திநாதர் 1571-ல் சற்று இளக்கினார். எப்படியானாலும் ஒருத்திதான். தடியத்தேவர் வீட்டுக்குப் போனார், மனைவியரைக் கூட்டினார், ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளைப்போல் எண்ணிக் குறைவில்லாமல் காப்பாற்றுவதாக வாக்களித்தார் என்று சரிதம் சொல்லுகிறது. அந்த மற்றவர்களில் எல்லாருக்கும் இளையவள் கடலாயி. கிழவன் சேதுபதிக்கு மருமகள் முறையானவள்.

இங்கே நில்லுங்கள், தாய்மாரே. கடலாயியின் இடத்தில் உங்கள் மகளை ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். அவள் வஞ்சகமாக வந்தவளல்ல. அவள் நாட்டு வழக்கப்படி, பெரியோர் பேசி முடித்து, மேளதாளத்தோடு வந்தவள். அவள் பாவமென்று அறிந்து செய்தது ஒன்றுமில்லை. ஒருநாள் காலையில் கணவன் வந்து, நீ இனி எனக்குச் சகோதரி என்கிறான். சோறும் துணியும் குறையாதுதான். ஆனால் கணவன் உயிரோடிருக்கத் தள்ளப்பட்டவளுக்கு அந்நாளில் மறவ நாட்டு அரண்மனை எதிலும் மதிப்பான இடம் கிடையாது. ராஜாவின் மருமகள் என்ற பெயரும் அவமானத்தை இரட்டிப்பாக்கத்தான் உதவும். அவள் முதலில் கணவனிடம் அழுதாள், கெஞ்சினாள். அதன் பிறகுதான் மாமனிடம் போனாள். நம் பங்கிலும், மருமகன் வீட்டில் குறையென்றால் பெண் பிறந்தகத்துக்குத்தானே ஓடிவருகிறாள்? அவளை ஏரோதியாளாக்கி மேடையில் ஏற்றுவது சுலபம். ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்ட ஏரோதியாள் தன் முந்தின கணவனைவிட்டு வந்தவள். இவளோ கணவனால் விடப்பட்டவள். இருவரும் எப்படி ஒன்றாவார்கள்? என் எண்ணத்தில் கடலாயி, ஏரோதியாளைவிடக் கத்தரீன் ராணிக்கே கிட்டினவள். கத்தரீனுக்குச் சக்கரவர்த்தியான சகோதரி மகன் பக்கபலமாயிருந்தான். கடலாயிக்குச் சேதுபதியான மாமன் இருந்தார்.

என்றாலும் அவள் ஒன்று செய்தாள், அதை மறைக்கக்கூடாது. கணவன்மேல் பழி போடாமல் குருவின்மேல் போட்டாள். சூனியக்காரப் பண்டாரம் மந்திரத்தால் என் கணவன் புத்தியைக் கெடுத்தான் என்பதே முறையீடு. அது அறியாமையோ, கணவனைக் காப்பாற்றும் உபாயமோ, சர்வேசுரன் அறிவார். அரண்மனைக் குருமாரும் அதையே பற்றிக்கொண்டார்கள். கோயில்களுக்கு வரும் காணிக்கை குறைகிறது, தேவர்களை நிந்திக்கிறான், ராஜ கட்டளையை மீறினான் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றது 1693 ஜனவரி 6-ந் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளில், முனி என்ற காட்டூரில். அன்று அவரோடு சுமார் 200 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சுவாமியார் பிடிபட்டது ஜனவரி 8-ந் தேதி. நடுவே ஒரே நாள்! கடலாயியின் முறையீடு ஞானஸ்நானத்துக்கு முன்பே இராமநாதபுரம் போய்ச் சேர்ந்து, சேவகர் புறப்படத் தயாராயிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். ஒரு பெண்ணின் அழுகை மட்டும் ஒரு ராச்சியத்தை இவ்வளவு வேகமாக ஓடவைக்குமா?

ஆகவே தராசை எடுப்போம். ராஜாவின் தடையுத்தரவை மீறினது ஒரு காரணம். ஆனால் சுவாமியார் 1691 முதலே அங்கே இருக்கிறார். காட்டில் கூடிய சனத்திரள் ராஜாவின் காதுக்கு எட்டாமல் இருக்காது. மீறல் மட்டுமே குற்றமானால் முன்பே பிடித்திருக்கலாம். அரண்மனைக் குருமாரின் பகை இன்னொரு காரணம். அதுவும் 1686-லேயே இருந்தது. அப்போது ராஜா அவர்கள் சொல்லைக் கேட்டு வெட்டவில்லை, விட்டுவிட்டார். மருமகளின் அவமானம் மூன்றாவது. இது புதிது, பலமானது. மானத்துக்கு உயிரைக் கொடுக்கிற குலத்தில் ராஜாவின் பெண்ணைத் திருப்பி அனுப்பினால் சும்மா இருப்பதெப்படி? ஆனால் மானந்தான் காரணமென்றால் வாள் தடியத்தேவரின் கழுத்தையல்லவா தேடியிருக்கவேண்டும்? பெண்ணைத் தள்ளினவர் அவர்தானே! அவர் தலையில் ஒரு மயிரும் கீழே விழவில்லை.

இந்த இடத்தில்தான் நான்காவது காரணம் தலைகாட்டுகிறது. பட்டத்துக்கு உரிமை பேசத்தக்க ஒருவர். அவருக்குப் பின்னால் மறவர் படை உண்டு. அவருக்குச் சேதுபதி தம் வீட்டுப் பெண்ணைக் கொடுத்திருந்தது அன்பினால் மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? அந்தத் தாலி, எதிரியாகக்கூடியவரின் காலில் கட்டிய கயிறு. கயிறு அறுந்தது. அதோடு நில்லாமல் அவர் ஒரு புது மார்க்கத்தில் சேர்ந்தார்; அந்த மார்க்கத்தாரோ நாளுக்கு நாள் பெருகுகிறார்கள்; ஒருவரையொருவர் சகோதரரென்று அழைக்கிறார்கள்; அவர்கள் குருவின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். மற்றத் தேவர்களும் ஞானஸ்நானம் பெற்று, பெண் கொடுத்துக் கட்டிய கயிறுகளையெல்லாம் இப்படியே அறுத்துக்கொண்டால், இத்தனை மனைவியரைக் கொண்டு பின்னிய ராச்சியம் என்னாகும்? இதைச் சேதுபதி எண்ணாமலிருந்தால் அவர் முப்பதுக்கும் மேற்பட்ட வருஷம் ஆண்டிருக்கமுடியாது. தடியத்தேவரைத் தொட்டால் கலகம். குருவைக் கொன்றால், கேட்க ஆளில்லாத ஒரு பண்டாரம் செத்தான் என்பதோடு போயிற்று.

இது என் ஊகம் மட்டுமல்ல. மேலே நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். இராமநாதபுரத்தில் சுவாமியாரைச் சிறையில் வைத்தார்கள். தடியத்தேவர் அரண்மனைக்கு வந்து, குற்றவாளி நானே, குரு அல்ல, என் மனதாரத்தான் செய்தேன் என்று ராஜாவின் முகத்துக்கு முன் வாதாடினார். விக்கிரகத்தை வணங்கென்று கட்டாயப்படுத்தியும் இணங்கவில்லை. ராஜா சுவாமியாரைத் தலைநகரில் வெட்டத் துணியவில்லை. நாடு கடத்துகிறோம் என்று வெளியே சொல்லி, ஓரியூரில் அதிகாரியாயிருந்த தம் சகோதரனிடம் அனுப்பினார். கொன்றுவிடு என்ற கட்டளை இரகசியமாகக் கூடவே போயிற்று. ஒரு மருமகளின் மானத்துக்காக வெட்டுகிறவன் ஊரறிய அல்லவா வெட்டுவான்? ஒளித்து வெட்டுகிறவனுக்கு ஊரைக் கண்டு பயம்.

ஜனவரி மாதக் கடைசியில் சுவாமியார் ஓரியூர் வந்து சேர்ந்தார். அங்கே அதிகாரி உடையத்தேவர் நோயாளி. தம்மைக் குணமாக்கினால் காரியம் வேறாகலாமென்று கேட்டுப் பார்த்தார். குணம் தருவது சர்வேசுரன் கையிலிருக்கிறது, தம் கையில் மந்திரம் ஒன்றுமில்லை என்றார் சுவாமியார். ஒரு பொய் சொல்லியிருந்தால் நாள் கடத்தியிருக்கலாம். சிறையில் மையில்லை, கரியை நீரில் குழைத்து, துரும்பை எழுதுகோலாக்கிப் பிப்ரவரி 3-ந் தேதி தம் சிரேஷ்டருக்கும் உடன் குருக்களுக்கும் கடிதம் எழுதினார். எதற்காகச் சாகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமேயில்லை. புண்ணியத்தைப் போதித்ததே தம்மேல் சாட்டிய குற்றமாயிருப்பதால் சாவது சந்தோஷம் என்பதே அதன் சாரம். கடலாயியைத் தூற்றி ஒரு சொல்லையும் நான் அதில் காணவில்லை.

மறுநாள் 1693 பிப்ரவரி 4-ந் தேதி, புதன்கிழமை. அவ்வருஷம் அதுவே விபூதித் திருநாள். ஆற்றோரத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். முழந்தாளிட்டுச் செபித்து எழுந்து, வெட்டுகிறவனைத் தழுவிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய அர்ச்சியசிஷ்டவர்களின் பண்டப் பேழையைத் தாயத்தென்று பயந்து வெட்டுகிறவன் தயங்கினான், பிறகு வெட்டினான். தலையையும் கைகால்களையும் துண்டித்துக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். சுவாமியாருக்கு வயது 46 நிறைய இன்னும் ஒரு மாதங்கூட இல்லை.

சேதி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது பெயாத்ரிஸ் அம்மாள் உயிரோடிருந்தாள். துக்க வஸ்திரம் உடுத்தவேண்டாம், திருநாள் உடையில் அரண்மனைக்கு வரவேண்டும் என்று பேதுரு ராஜா சொல்லியனுப்பி, ராணிக்குச் செய்யும் மரியாதையை அந்தத் தாய்க்குச் செய்தார் என்பார்கள்.

பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1853-ல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், பன்னிரண்டாம் பத்திநாதர் 1947 ஜூன் 22-ந் தேதி அர்ச்சியசிஷ்ட பட்டமும் கொடுத்தார்கள். அந்த ஜூன் 22 எட்டாம் ஹென்றியின் மணமுறிவுக்கு இணங்காத மேற்றிராணியார் ஜான் ஃபிஷர் 1535-ல் தலை கொடுத்த தேதி. நம் பக்கத்துக் கருமாத்தூரில் 1970-ல் தொடங்கிய அருளானந்தர் கல்லூரி இவர் பெயரால் விளங்குவதை நீங்கள் அறிவீர்கள். ஓரியூர் 1987 முதல் சிவகங்கை மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. திருநாளுக்குப் போகிறவர்கள் திருவாடானை வரையில் தொண்டிச் சாலையிலேயே போய் அங்கிருந்து வடக்கே திரும்பவேண்டும். செம்மண் எடுக்கும்போது தடியத்தேவரின் ஐந்து மனைவியருக்காகவும், அவர்களில் இளையவளுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வாருங்கள்.